அத்தை திருப்பினால்தான் வண்டி கிளம்பும்

அன்று காலை காரைச் சுற்றி நின்றவர்கள் அத்தை, டிரைவர் முனிரத்தினம் அண்ணன், சின்ன மாமா, நான். இல்லாதவர் மாமா. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தக் காருக்கு ஒன்று என்றால், மாமா இல்லையே என்பதுதான் எங்கள் எல்லோர் வாயிலும் முதலில் வரும்.

சாவியின் தலை அத்தையின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. மிச்சம் காருக்குள் இருந்தது.

"ஒடஞ்சி பூட்ச்சா அண்ணி?" என்றார் சின்ன மாமா.

"இல்ல, பாதிய உள்ள வெச்சிட்டு மீதிய எடுத்துக்கினு வந்தேன்" என்றாள் அத்தை.

முனிரத்தினம் அண்ணன் சிரிக்கப் பார்த்து, அத்தையின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. நகரியில், நாள் முழுக்க விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு தறி. முன்னால் தகரக் கொட்டகையில் ஒரு வெள்ளை அம்பாசிடர். மிகப் பழைய மாடல். மீட்டரும் சாவித் துவாரமும் டிரைவருக்கு நேராக இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். அப்படி நடுவில் இருந்ததால்தான் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்த அத்தைக்குக் கை எட்டியது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அவள் திருப்பாமல் அந்தக் கார் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

வாடகைக்கு அழைத்தால் காரோடு அத்தையும் போவாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, துவாரத்தில் விட்டுத் திருப்புவாள். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் சாவியை உருவி மறுபடி கழுத்தில் போட்டுக்கொள்வாள். பூட்டு அவ்வளவு தேய்ந்து போயிருந்தது. வண்டி ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடும். நிறுத்துவதற்கும் அவள்தான் சாவி போட வேண்டும். முனிரத்தினம் அண்ணன் இதை எல்லோரிடமும் பெருமையாகவே சொல்வார். "ஓட்றது நானு, ஸ்டார்ட்டு அக்கா. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு டிரைவரு."

இந்தப் பழக்கம் மாமாவின் காரியத்தன்று தொடங்கியது. பந்தல் பிரிக்கும் முன்பே சின்ன மாமா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, "காரு நிக்கட்டும் அண்ணி, நான் பாத்துக்கறேன். நீங்க தறியப் பாருங்க" என்றார். சின்ன மாமா என்பது மாமாவின் தம்பி. நாலு வீடு தள்ளி இருந்தார். ஒரு ஸ்கூலுக்கு வேன் ஓட்டினார். கெட்டவர் இல்லை. அண்ணன் பொருளைத் தம்பி பார்த்துக்கொள்வது முறைதானே என்று நினைத்தார், அவ்வளவுதான். அத்தை அவர் கையிலிருந்து சாவியை வாங்கி, ஒரு கறுப்புக் கயிற்றில் கோர்த்து, அங்கேயே, எல்லோரும் பார்க்க, கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று தாலி கழற்றிய கழுத்து அது. தெரு சும்மா இருக்குமா?

"தாலி இருந்த எடத்துல சாவியத் தொங்கவுட்டுக்கினு திரியறா" என்றாள் எதிர்வீட்டுக்காரி, குழாயடியில், அத்தை காதில் விழும்படியே.

"இது காரத் தொறக்குது. அது இன்னாத்தத் தொறந்துச்சு?" என்று அத்தை கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை தோறும் காருக்குப் பூசை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் கண்ணாடியிலும் ஸ்டீயரிங்கிலும் வைப்பார்கள். அத்தை அதோடு சாவித் துவாரத்துக்கும் ஒரு பொட்டு வைப்பாள். சந்தனத்தைக் குழைத்து, விரல் நுனியால் சரியாகத் துவாரத்தின் மேல், அதன் நடுவில் குங்குமம். அந்தப் பொட்டின் வழியாகவேதான் சாவியை உள்ளே விடுவாள். பொட்டு காய்வதற்குள் முதல் சாவி போடுவது நல்லது என்பது அவள் கணக்கு.

கல்யாண வாடகைகளில்தான் சிக்கல். மாப்பிள்ளை வரும் காரின் முன்சீட்டில் புருஷன் இல்லாதவள் உட்காரலாமா? யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். காரைப் பார்ப்பார்கள், அத்தையைப் பார்ப்பார்கள், பிறகு முனிரத்தினம் அண்ணனைத் தனியாகக் கூப்பிடுவார்கள். அத்தை அந்த நிலைமை வர விடமாட்டாள். மண்டபத்துக்கு முந்தைய தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு எஞ்சினை அணைக்கக் கூடாது. ஊர்வலம் எத்தனை நேரம் நின்று நின்று போனாலும் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் தண்ணீராகப் போகும். அத்தை கூட்டத்தின் கடைசியில், ஜெனரேட்டர் வண்டிக்கும் பின்னால், நடந்து வருவாள்.

கங்காதர நெல்லூரில் ஒரு முறை மண்டப வாசலுக்கு நேராகவே எஞ்சின் நின்றுவிட்டது. நானும் அன்று கூடப் போயிருந்தேன். மேளம் நின்றது. மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். "ஸ்டார்ட் பண்ணுய்யா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முனிரத்தினம் அண்ணன் கையை விரித்தார். "சாவி அக்கா கிட்ட கீது."

"எந்த அக்கா?"

கூட்டம் விலகியது. அத்தை ஜெனரேட்டர் புகையிலிருந்து நடந்து வந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி பிடித்தது. மாப்பிள்ளையைப் பார்த்து, "பயந்துட்டியா? இது ஒண்ணுமில்ல, இனிமேதான் கீது உனக்கு" என்றாள். மாப்பிள்ளையே முதலில் சிரித்தான். பிறகுதான் மேளக்காரர் அடித்தார்.

அந்தக் கையைத்தான் சாவி உடைந்த காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாகவே பூட்டு இறுகிக்கொண்டு வந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறாள்.

"நீ படிச்சவன், இன்னான்னு பாருடா" என்றாள் என்னிடம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். திருப்பதியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதனால் டிவி ரிமோட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எது வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை. அன்றும் போனை எடுத்துப் பூட்டுக்குள் உடைந்த சாவியை எடுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அதில் வந்த பூட்டு எதுவும் எங்கள் பூட்டு மாதிரி இல்லை. இடுக்கியைப் போட்டு இழுத்ததில் துண்டு இன்னும் உள்ளேதான் போனது.

வரும் முகூர்த்தத்துக்குக் குடிபாலாவில் ஒரு பெண்ணழைப்பு ஒத்துக்கொண்டிருந்தாள் அத்தை. அதுதான் அவளைப் பதற வைத்தது. பெண்ணின் அம்மா காரைப் பார்க்க நகரிக்கே வந்திருந்தார். அவருக்கும் புருஷன் இல்லை. தெருமுனையில் இறங்கிக்கொள்ளும் விஷயத்தை அத்தை வழக்கம்போல முன்கூட்டியே சொன்னபோது, அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காதீங்கக்கா. பெத்தவ என்னையே மணமேடைக்கு வராதேன்றாங்க. எம்பொண்ணு வர்ற கார்ல நீங்களாச்சும் முன்னாடி உக்காந்து வாங்க. நீங்கதான் ஸ்டார்ட் பண்ணணும். யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்."

எத்தனையோ கல்யாணத்துக்குப் போன காரில், மண்டப வாசல் வரைக்கும் உட்கார்ந்து வா என்று அத்தையிடம் சொன்ன முதல் ஆள் அவர்.

நகரி மெக்கானிக் வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "இதுக்கு எதுக்கும்மா இம்மாம் பேரு? பூட்ட மறந்துடுங்க. ரெண்டு ஒயரப் புடிச்சி ஒரு சுவிட்சு, பக்கத்துல ஒரு பட்டன். சுவிட்சத் தட்டு, பட்டன அமுக்கு, வண்டி ஓடும். ஊர்ல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது."

"சாவி?" என்றாள் அத்தை.

"சாவி எதுக்கு? கொழந்த கூட ஸ்டார்ட் பண்ணும்."

"அதான் வேணாம்."

"ஏம் காது அண்ணி, ஒண்ணும் ஆவாது" என்றார் சின்ன மாமா. "நான் பாத்துக்க மாட்டனா?"

அத்தை மெக்கானிக்கிடம் பூட்டை டேஷ்போர்டிலிருந்து கழற்றச் சொன்னாள். அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு திருப்பதி பஸ் ஏறினாள். புத்தூர் தாண்டியதும் என்னிடம் கேட்டாள். "சுவிட்சு போட்டா யாரு வேணா எடுத்துக்கினு போலாம் இல்ல?"

"போலாம் அத்த."

"நான் தறியாண்ட இருப்பேன். தறிச் சத்தத்துல வண்டி போறது கூட எனக்குக் கேக்காது."

பிறகு திருப்பதி வரும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் பூட்டுச் சாவிக் கடை. கடைக்காரர் தெலுங்குக்காரர். பூட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து ஊசியால் கிளறினார். காய்ந்த மஞ்சள் கட்டியும் சிவப்புத் தூளுமாக வந்துகொண்டே இருந்தது. அவர் மூக்கருகில் வைத்து முகர்ந்தார். வாசனை இன்னும் இருந்தது.

"அம்மா, இதி லாக்கா, பூஜா ரூமா?" என்றார்.

அத்தைக்கு விளங்க ஒரு நொடி ஆனது. தன் விரலால் ஒவ்வொரு வெள்ளியும் வைத்தது அந்தத் தட்டில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு முறையும் சாவியே அதை உள்ளே தள்ளியிருக்கிறது. உள்ளே இருந்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டிருந்தன.

"சாமி உள்ள இருந்திருந்தா தொறந்திருக்கும்பா" என்றாள். கடைக்காரருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் கேலி பேசவில்லை.

உடைந்த துண்டை எடுத்தார். ஓயாமல் அரம் போட்டுப் புதுச் சாவி ஒன்று செய்தார். கையில் வைத்துத் திருப்பினால் திரும்பியது. "ஆனா இது அரிஞ்சி போயிந்தி, எத்தன நாளு வருமோ தெலீது" என்று இரண்டு மொழியிலும் எச்சரித்தார். தேய்ந்துவிட்டது என்கிறார் என்று நான் சொன்னேன். அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை. புதுச் சாவியைக் கயிற்றில் கோர்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, "துன்னு, துன்னு" என்று என் சட்டைப்பையிலும் போட்டாள்.

சாயங்காலம் பூட்டை மாட்டினோம். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தாள். இந்த முறை பொட்டு இல்லை. சாவியைப் போட்டுத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் பிடித்தது. முனிரத்தினம் அண்ணன் கைதட்டியே விட்டார். அத்தை அணைத்தாள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று மறுபடி திருப்பினாள். சாவி திரும்பியது. சுற்றிச் சுற்றித் திரும்பியது. உள்ளே எதையும் அது பிடிக்கவில்லை. பூட்டின் பின்பக்கம் ஒயர் மாட்டும் கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது.

மறுநாள் சித்தூர். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடைகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் மட்டும் அந்த அளவுக்குப் பொருந்துகிற புதுப் பூட்டு இருந்தது. டூப்ளிகேட்தான் என்றார் கடைக்காரர், ஒளிக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அத்தை பூட்டைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்து அதில் விட்டுத் திருப்பினாள்.

திரும்பியது.

கடைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "இப்ப வர்றது எல்லாம் அப்படித்தாம்மா. பேருக்குத்தான் சாவி."

"எங்க கொழுந்தன் வேன் சாவியும் திரும்பும் இல்ல?"

"எது போட்டாலும் திரும்பும்மா."

அத்தை பூட்டைக் கவுண்ட்டர் மேல் வைத்தாள். நான் போனில் இந்தியா முழுக்கத் தேடினேன். ஒருவர் ஒரிஜினல் வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அத்தை கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை படித்து இதற்கு ஒரு வழி தெரியவில்லையே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணோட அம்மாக்கு வேற காரு சொல்லிடலாமா அத்த?" என்றேன்.

"எறங்காதேன்னு சொன்னவ கிட்ட, வரலன்னு எப்படிடா சொல்றது?"

நகரிக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சின்ன மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போடுப்பா" என்றாள்.

எதை என்று அவர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு உடனே எழுந்து வந்தார். அவரே கடைக்குப் போனார், அவரே சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒயரைச் சீவினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், கதவை ஒட்டி, ஒரு சின்னச் சுவிட்சு, அதற்குக் கீழே கறுப்புப் பட்டன்.

"இந்தப் பக்கம் வைக்க முடியாதா?" என்று அத்தை இடப்பக்கச் சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒயரு அங்கதான் எட்டுது அண்ணி. உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? முனிரத்தினம் அமுக்கிப்பான்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதனாலேயே யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

குடிபாலாவில் எல்லாம் அந்த அம்மா சொன்னபடியே நடந்தது. கோயில் வாசலில் பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு கிழவர் வாயைத் திறந்தார். பெண்ணின் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க" என்று ஜன்னலில் குனிந்து சிரித்தார். அத்தை பழக்கத்தில் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், டேஷ்போர்டை நோக்கிக் குனிந்தாள். அங்கே வட்டமாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. முனிரத்தினம் அண்ணன் கதவுப் பக்கம் கையை விட்டு, யாரும் பார்க்காதபடி பட்டனை அமுக்கினார். வண்டி கிளம்பியது. அந்த அம்மா அத்தைதான் கிளப்பினாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மண்டப வாசல் வரை அத்தை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கூல் லீவில் ஒரு நாள் சின்ன மாமா மாமியார் வீட்டுக்குக் காரை எடுத்துப் போனார். "சும்மா நின்னா பேட்டரி பூடும் அண்ணி" என்றார் வந்து. இன்னொரு நாள் வெதுருகுப்பத்துக்கு ஒரு வாடகை. "உங்கள எதுக்கு அம்மாந்தூரம் அலைய வெக்கணும்னுதான்." அத்தை தறியிலிருந்து வெளியே வந்து பார்க்கும்போது கொட்டகை காலியாக இருக்கும், அல்லது கார் திரும்பி வந்து சூடாக நிற்கும். முனிரத்தினம் அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவர் தக்காளி லாரிக்குப் போய்விட்டார். பிறகு கார் சின்ன மாமா வீட்டு வாசலிலேயே நிற்க ஆரம்பித்தது. அங்கே நிழல் நன்றாக இருக்கிறது என்றார். உண்மையில் இருக்கிறது.

பேட்டரிக்குப் பூட்டு வைக்கலாம், கியருக்குப் பூட்டு வைக்கலாம் என்று வாரா வாரம் நான் ஏதாவது கண்டுபிடித்துச் சொல்வேன். "வைக்கலாம்டா" என்பாள். "வெச்சா, அவன் வந்து ஏன் அண்ணின்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?" போன தையில் தறிகளை விற்றுவிட்டு, சத்தியவேட்டில் மகள் வீட்டோடு போய்விட்டாள். பஸ்ஸில்தான் போனாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சின்ன மாமா எவ்வளவோ சொன்னார்.

சுவிட்சு போட்ட அன்று அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். "அண்ணி கிட்ட கூலியா?" என்று பின்னால் நகர்ந்துகொண்டே போனார். அத்தை விடவில்லை. கூலி வேண்டாம், சாமான் காசையாவது வாங்கிக்கோ என்று தெரு வரைக்கும் வந்து அவர் சட்டைப்பையில் திணித்தாள். சுவிட்சு தொண்ணூறு, பட்டன் எழுபது, ஒயரும் டேப்பும் நாற்பது. மொத்தம் இருநூறு ரூபாய்.